மஞ்சள் கொடி இறங்கிய பிறகு

அம்பத்தூரில் காலை ஏழு மணிக்கு இறங்கியபோது என் பையில் இரண்டு புடவை, ஒரு பெட்டி கையுறை, நான்கு மலேரியா சோதனை அட்டைகள், ஒரு மாலுமியின் பாஸ்போர்ட் நகல் இருந்தன. நகலில் இருந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். நான்கு நாட்களுக்கு முன்புதான் அந்த நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்து, "காய்ச்சல், இருமல் ஏதும் உண்டா தம்பி?" என்று கேட்டிருந்தேன். "ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்று சிரித்தான். நானும் எழுதிக்கொண்டேன்.

தெற்கே ஒரு துறைமுகத்தில் நான் சுகாதார ஆய்வாளர். வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல் மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு கடலிலேயே நிற்கும். நாங்கள் படகில் போய் ஏறுவோம். குடிதண்ணீர், சமையலறை, எலி எச்சம், கொசுப் புழு, மருந்துப் பெட்டி, கடைசியாக ஆட்கள் என்று எல்லாவற்றையும் பார்த்து, கப்பலில் தொற்று எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தக் கொடி இறங்கும். அதுவரை ஒருவரும் கரையில் கால் வைக்கக் கூடாது.

அந்தக் கப்பல் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து முந்திரிக்கொட்டை மூட்டைகளோடு பதினோரு நாள் கடலில் வந்தது. கொடி இறங்கிய இரண்டாம் நாள் கப்பலின் சமையல்காரர் அடுப்படியிலேயே விழுந்தார். நினைவு இல்லை, ஈறில் ரத்தம். முதலில் சேர்த்த மருத்துவமனையின் சோதனையில் ஒன்றும் புலப்படவில்லை. மறுபடி எடுத்த ரத்தம் பெரிய ஆய்வகத்துக்குப் போயிருந்தது. என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியாது. கப்பலில் மிச்சமிருந்தவர்களை இறங்க விடாமல் நிறுத்திவிட்டோம். ஒப்பந்தம் முடிந்து அதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டவன் ஒருவன்தான். எஞ்சின் அறையில் வேலை பார்த்த யுவராஜ், வயது இருபத்தெட்டு, சமையல்காரருக்குப் பக்கத்து அறை. அவனுடைய கைப்பேசி அணைந்து கிடந்தது.

"இங்கேயிருந்து கடிதம் போட்டாச்சு. ஆனா அவன் முகத்தைப் பார்த்தது நீங்கதான். நேர்ல போங்க" என்றார் எங்கள் அதிகாரி. கையெழுத்து யாருடையது என்று இருவருக்கும் தெரியும்.

முகவரி மேனாம்பேடு. ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊரு மேடம்? பேச்சு ராகமா கீது" என்றார். சொன்னேன். "அங்கேர்ந்தா? ஆள் தேடியா?" என்று கேட்டவர், நான் முகக்கவசத்தை மாட்டுவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அதன் பிறகு கண்ணாடியில் என்னை மூன்று முறை பார்த்தார்.

எங்கள் ஊரில் ஒரு தெருவில் நின்று பெயரைச் சொன்னால் போதும், நான்கு பேர் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள். இங்கே ஒரே எண்ணில் மூன்று வீடுகள் இருந்தன: பழையது, புதியது, அடைப்புக்குறிக்குள் இன்னொன்று. நான் தேடிய வீட்டில் பீகார்க் குடும்பம் ஒன்று குடியிருந்தது. பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்ட பெண் எட்டிப் பார்த்தாள்.

"யுவராஜா? அவங்க காலி பண்ணிகினு போயி ஒரு வருசம் ஆவுது. அவுங்க அண்ணன் பட்டாபிராம்ல கடை வெச்சிகிறாரு. ஜெராக்ஸ் கடையோ இன்னாவோ."

"கடைப் பேர் தெரியுமாம்மா?"

"தெரியாதுக்கா. நீங்க பேங்க்கா?"

இல்லை, ஆஸ்பத்திரி மாதிரி என்றேன். அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்த நாளின் மீதி முழுக்க அலைச்சல். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் அவனுடைய பழைய நண்பன் ஒருவன் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அந்தப் பட்டறையே இடம் மாறியிருந்தது. மதியம் ஒரு கடையில் வடகறியோடு இட்லி வைத்தார்கள். எங்கள் பக்கம் இதைக் கண்டதில்லை. வாசனை பிரமாதம், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சமையல்காரரின் ஈறில் வந்த ரத்தம் நினைவுக்கு வந்தது. அவர் கொடுத்த தேநீரை அந்தக் கப்பலில் வைத்து நான் குடித்திருந்தேன்.

சாயங்காலம் விடுதி அறையில் கையைக் கழுவும்போது மணிக்கட்டில் ஒரு தடிப்பைப் பார்த்தேன். கொசுக்கடி. கப்பலில் கடித்ததா, ரயிலில் கடித்ததா? வெப்பமானியை என் நெற்றிக்கே காட்டினேன். சாதாரணம். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி காட்டினேன். என் கணவர் கூப்பிட்டார்.

"என்னட்டீ, கொரல் ஒரு மாதிரி இருக்கு? மேலுக்கு முடியலையா?"

"அலைச்சல்தான்" என்றேன். பிள்ளைகளிடம் பேசாமலே வைத்துவிட்டேன். அவர்களிடம் பேசினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

மறுநாள் காலை ரயிலில் ஏறினேன். "பட்டாபிராம்" என்று ஒருவர் சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. அது பட்டாபிராம் தாண்டி ராணுவக் கிடங்குப் பக்கம் பிரிந்து போகும் வண்டி என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசி நிலையத்தில் வண்டியே காலியாகிவிட்டது. மரமும் மதிலும்தான் இருந்தன. நடைமேடையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள், "இது சைடிங்குமா. நீ பட்டாபிராம்லயே எறங்கிருக்கணும். இதே வண்டி திரும்பிப் போவும், குந்து" என்றார். வண்டி எப்போது கிளம்பும் என்று அவருக்கும் தெரியவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அதிகாரி அழைத்தார்.

"ஆய்வகத்துலேர்ந்து வந்திடுச்சு. மலேரியா. மூளைக்குப் போற வகை."

ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தொட்டால் ஒட்டாது. தேநீரில் வராது. என் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த நொடியே வேறு பயம் வந்து உட்கார்ந்தது. இந்த மலேரியா கொசு கடித்துப் பத்துப் பதினைந்து நாளில் தலைகாட்டும். காட்டிய பிறகு இரண்டு மூன்று நாளில் ஆளை முடித்துவிடும். சென்னையில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் டெங்கு பார்ப்பார்கள், வைரல் என்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவன் என்று யாராவது சொன்னால்தான் இதைத் தேடுவார்கள். நேற்று வரை அவனிடம் நெருங்கப் பயந்தேன். இப்போது நெருங்குவதற்குள் நேரம் போய்விடுமோ என்று பயந்தேன்.

"சமையல்காரர் எப்படி இருக்கார் சார்?"

"மருந்து இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க" என்றார். அவர் குரல் நன்றாக இல்லை.

பட்டாபிராமில் ஐந்தாவது கடையாக அதைக் கண்டுபிடித்தேன். ஜெராக்ஸ், ரீசார்ஜ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரே பலகையில். யுவராஜின் அண்ணன் ரகு நாற்பதுக்குள் இருப்பார், வெடுவெடுவென்று பேசுகிற ஆள்.

"துறைமுகமா? அவன் இன்னும் வரவே இல்ல மேடம். கப்பல்லதான் கீறான்."

"திங்கக்கிழமை இறங்கிட்டாரே."

"எங்களுக்குத் தெரியாது. எதுனா கேஸா?"

கடைக்குப் பின்னால் கொடியில் ஆரஞ்சு நிறத்தில் கப்பல் வேலை உடுப்பு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. முதுகில் அந்தக் கப்பல் கம்பெனியின் பெயர். நான் அதையே பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"ரகு தம்பி, நான் பிடிக்க வரல. கூட வேலை பார்த்த சமையல்காரர் நினைவில்லாம கெடக்கார். மலேரியா. உங்க தம்பிக்குக் காய்ச்சல் இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த தாள் கட்டு மேசையில் விழுந்தது.

"புதன்கெயம ராத்திரிலேர்ந்து காயுது. கௌரிக்கு எட்டு மாசம். அவன் பொண்டாட்டி. அத்தப் பாக்கணும்னு நசரத்பேட்டை மாமியார் ஊட்டுக்குப் போய்ட்டான். நேத்து போன் பண்ணா கண்ணு மஞ்சளா கீதுன்னாங்க. காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சிக் குடுக்கறாங்க."

காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். ரகு ஷட்டரை இறக்கினார்.

அவர் பைக்கின் பின்னால் வெளிவட்டச் சாலையில் போன அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். இருபுறமும் கன்டெய்னர் லாரிகள். ஒவ்வொன்றும் கடந்து போகும்போது வண்டி பக்கவாட்டில் ஆடியது. எங்கள் துறைமுகத்தில் கிரேன் தூக்கி இறக்கும் பெட்டிகளை அசையாத பொருளாகவே பார்த்துப் பழகியிருக்கிறேன். இங்கே அவை என் தோளை உரசிக்கொண்டு ஓடின. கண்ணை மூடிக்கொண்டு ரகுவின் சட்டையைப் பிடித்திருந்தேன். பாதி வழியில் டயர் வெடித்தது. விழவில்லை, அவ்வளவுதான்.

பஞ்சர் கடை கண்ணுக்கெட்டிய தூரம் இல்லை. ரகு நடுச் சாலைக்குப் போய்க் கையை விரித்து நின்றார். தண்ணீர் கேன் ஏற்றிய குட்டி லாரி ஒன்று திட்டிக்கொண்டே நின்றது.

"சாவணும்னா வேற வண்டி பாரு மாமே!"

"அண்ணாத்தே, என் தம்பிக்கு உடம்பு ரொம்ப மோசமா கீது. இந்த மேடத்த நசரத்பேட்டைல எறக்கி உட்டுடு. நான் வண்டியத் தள்ளிகினு வரேன்."

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். "டாக்டரா? ஏறுங்கம்மா" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலடியில் காலி கேன்கள் உருள, அவர் வழி முழுக்க ஹாரனை அமுக்கிக்கொண்டே போனார். வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கினார். காசு என்றதும் கையை உதறிவிட்டுப் போனார்.

வாசலில் கௌரியின் அப்பா நின்றிருந்தார். ரகு போனில் சொல்லியிருக்க வேண்டும். கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வராதம்மா."

"ஐயா, அவருக்கு உடனே ஊசி போட்டாகணும்."

"கொரோனாவுல இந்த ஊட்டுக்குத் தகரம் வெச்சு அடச்சாங்க. பதினாலு நாளு. பால்காரன் தெரு முனையிலயே பாக்கெட்ட வீசிட்டுப் போனான். அப்புறமும் ஆறு மாசம் எவனும் எங்கூட்டு வாசல்ல நிக்கல. மறுபடியும் அந்த அசிங்கம் வாணாம். புள்ளத்தாச்சிப் பொண்ணு கீது."

அவர் கோபப்படவில்லை. கேட்டை விடவும் இல்லை. கையுறைப் பெட்டியைப் பையிலிருந்து எடுக்கப் போனவள் அப்படியே விட்டுவிட்டேன். முகக்கவசத்தைக் கழற்றினேன்.

"இது தொட்டு வர்ற நோய் இல்லைய்யா. இங்க பாருங்க, மூஞ்சிய மூடாமத்தான் உள்ள வரப் போறேன். கொசு அவரைக் கடிச்சு உங்க பொண்ணைக் கடிச்சாத்தான் ஆபத்து. அவர் இந்த வீட்டுல படுத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த ஆபத்துதான்."

அவருக்குப் பின்னால் கௌரி வந்து நின்றாள். மேடிட்ட வயிறு, தூங்காத கண்கள். "நைனா, நவுரு" என்றாள். அவர் நகரவில்லை. அவள் கேட்டின் தாழ்ப்பாளைத் தானே இழுத்தாள். "காத்தாலேர்ந்து என் பேரே தெரில அவருக்கு. நீ நவுரு நைனா."

உள்ளறையில் யுவராஜ் பாயில் கிடந்தான். திங்கட்கிழமை சிரித்த முகம் நான்கைந்து நாளில் பாதியாகியிருந்தது. கண் வெள்ளை மஞ்சளாகவும் உதடு வெடித்தும் இருந்தன. "பம்ப்ப நிறுத்து… பம்ப்ப நிறுத்து" என்று முனகிக்கொண்டிருந்தான். தலைமாட்டில் பச்சை விழுது வைத்த கிண்ணம்.

விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் வைத்தேன். பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் உண்டு. கௌரி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அட்டையையே பார்த்தாள். நான் ஆம்புலன்சுக்குப் பேசிவிட்டு, "ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்" என்று மூன்று முறை அழுத்திச் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஐந்து நிமிடத்திலேயே இரண்டாவது கோடு தடிமனாக வந்திருந்தது.

"ரெண்டு கோடு வந்தா நல்லதாக்கா?" என்றாள் கௌரி.

நான் சொன்னேன். அவள் அழவில்லை. இரண்டாவது அட்டைக்குத் தன் விரலை நீட்டினாள்.

அந்தப் பதினைந்து நிமிடத்தைவிட நீளமான நேரம் என் வேலையில் வந்ததில்லை. அவள் வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவள் அப்பா கதவருகில் நின்று ஏதோ சாமி பெயரை உதட்டுக்குள் சொன்னார். ஒரு கோடுதான் வந்தது. "இன்னும் கொஞ்ச நாள் கழிச்சும் பாக்கணும்" என்றேன். அது அவர்களுக்குக் கேட்டதோ என்னவோ.

ஆம்புலன்சில் ஏற்றும்போது யுவராஜ் ஒரு கணம் கண் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டான். முகத்தில் திடீரென்று பயம். "மேடம்… நான் எறங்கிட்டேன்ல? திரும்பி ஏத்தாதீங்க மேடம்" என்றான்.

அரசு மருத்துவமனையில் அந்த ராத்திரியே ஊசி ஆரம்பித்தார்கள். நான் திரும்பிப் போகவில்லை. சென்னைக்கு வந்த மூன்றாம் நாளும் நான்காம் நாளும் உள்ளூர் மலேரியாப் பணியாளர்களோடு நசரத்பேட்டையில் வீடு வீடாக ஏறினேன். தொட்டி மூடிகளைத் தூக்கிப் புழு பார்த்தோம், காய்ச்சல்காரர்களிடம் ரத்தம் எடுத்தோம். தகரம் அடிக்கவில்லை. ஆனாலும் கௌரி வீட்டைக் கடக்கும்போது ஆட்கள் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நடந்ததைப் பார்த்தேன். பார்த்த ரத்தம் எதிலும் கிருமி இல்லை. பகலில் பூந்தமல்லிப் பக்கம் கிடைத்ததைச் சாப்பிட்டேன், தண்ணீர் மாதிரிச் சாம்பாரும் அருமையான வடையும். சாயங்காலம் மருத்துவமனை வாசலில் ரகுவோடு தேநீர். அவர் கடையில் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு முறையும் எனக்குச் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

நான்காம் நாள் சாயங்காலம் அதிகாரியின் அழைப்பு வந்தது. சமையல்காரர் இறந்துவிட்டார். ஆந்திராக்காரர், நாற்பத்தாறு வயது. மனைவி ஊரிலிருந்து வந்து சேர்வதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

ஆறாம் நாள் யுவராஜைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். கண் மஞ்சள் வடியத் தொடங்கியிருந்தது. அன்று ராத்திரி எனக்கு ரயில். சொல்லிக்கொண்டு போக வந்தேன். கௌரி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து உட்கார முயன்றான்.

"குக் அண்ணா எப்பிடி கீறாரு மேடம்?"

இப்போது சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கௌரியைப் பார்த்தேன். அவ்வளவுதான், அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, "அவரு ஒய்ப் நம்பர் என் டைரில கீது. போன் போட்டுக் குடுங்க மேடம்" என்றான்.

"அப்புறம் பேசலாம் தம்பி."

"இல்ல மேடம். இப்ப."

கௌரி பையிலிருந்து டைரியை எடுத்தாள். என் போனில் எண்ணை அழுத்தினேன். நானே அவன் காதருகே பிடித்துக்கொண்டேன். மறுமுனையின் குரலும் எனக்குக் கேட்டது. அவன் தெலுங்கில் பேசினான். எங்கள் துறைமுகத்தில் காது பழகிய அளவுக்கு எனக்கும் புரியும்.

"அக்கா, நான் யுவராஜ். அண்ணன்கூடக் கப்பலில் இருந்தவன்" என்றான். "அன்றைக்குக் காலை அவருக்குக் காய்ச்சல், அக்கா. அதிகாரிகள் ஏறி வருகிறார்கள், கண்டுபிடித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், என்னை வீட்டுக்கு விடமாட்டார்கள் என்று நான்தான் மாத்திரை கொடுத்தேன். சூடு தெரியாமல் இருக்க இரண்டு மாத்திரை. வேண்டாம்டா, சொல்லிவிடலாம் என்றார். நான் காலைப் பிடித்தேன். என் மனைவி மாசமாக இருக்கிறாள் என்றேன். அதற்குத்தான் போட்டுக்கொண்டார்."

போனை இழுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். என் கை அசையவில்லை. கௌரிக்குத் தெலுங்கு புரிந்ததா தெரியாது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. துண்டித்துவிட்டார்களோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அந்த அம்மாள் கேட்டார்.

"அன்றைக்கு என்ன சமைத்தார்?"

யுவராஜ் கண்ணை மூடிக்கொண்டான். "முட்டைக் குழம்பு அக்கா" என்றான். "எல்லாருக்கும் போட்டார். அவர் சாப்பிடவில்லை."